கொசுவம் வைத்த கைலி: கில்ட் தைத்துப் பார்த்தேன்

கில்ட் என்றால் ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், மடிப்பு வைத்த கட்டம் போட்ட உடை. முதல் தடவை தைத்தது என் இடுப்பைச் சுற்றி வரவில்லை. கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் அங்குலம் பற்றவில்லை. மூன்று வாரச் சனி, ஞாயிறு வேலை. காரணம் அரை நூல். (நூல் என்பது தையல் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒன்று.)

கணக்கைச் சொல்கிறேன். எனக்கு இடுப்பு 34 அங்குலம், சீட் (பின்பக்கம் அகலமான இடத்தின் சுற்றளவு) 40. கில்ட்டுக்கு முன்பக்கம் மடிப்பே கிடையாது, தட்டையான இரண்டு பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மடிப்பு எல்லாம் பின்பக்கம்தான். அதாவது சீட்டில் பாதி, 20 அங்குலத்துக்குள் 27 மடிப்புகள். ஒவ்வொன்றும் கீழே ஆறு நூல் தெரிய வேண்டும், இடுப்புக்கு வரும்போது ஐந்து நூலாகக் குறுக வேண்டும். நான் சாக்பீஸ் கோட்டின் உள்பக்கமாகத் தைத்துக்கொண்டே போனேன். ஒரு மடிப்பில் அரை நூல்தான் போனது. அது 27 தடவை போனது.

ஸ்காட்லாந்தில் முறையாகத் தைத்தால் 8 கெஜம் துணி ஆகும் என்று அம்மாவிடம் சொன்னேன். “மடிசாருக்கே ஒன்பதுதான்டா” என்று சிரித்தார். அந்த 8 கெஜமும் நல்ல கனமான கம்பளி. சிங்கப்பூரில், தேக்காவில் மத்தியான வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நடக்கிற தைரியம் எனக்கில்லை. அரபு ஸ்திரீட்டில் கட்டம் போட்ட பருத்தித் துணி, 58 அங்குல அகலம், 3 மீட்டர் எடுத்தேன். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுப் போட்டால் 6 மீட்டர். ஒட்டு ஒரு மடிப்புக்குள் போய்விடும், வெளியே தெரியாது. கட்டம் 5 அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. ஒரு மடிப்புக்கு ஒரு முழுக் கட்டத்தை உள்ளே விட்டால், மடித்த பிறகும் பின்பக்கம் அதே கட்டம் உடையாமல் தெரியும். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். நூற்று முப்பத்தைந்து அங்குலத் துணியை இருபது அங்குலத்துக்குள் ஒளித்துவைத்தும், துணி ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும்.

பிரித்துத் தைத்தபோது அம்மா உதவிக்கு வந்தார். சாக்பீஸை வாங்கி வைத்துவிட்டு, நகத்தால் கீறி மடித்தார். கீறல் சாக்பீஸ் கோட்டைப் போலத் தடிமனாக இருக்காது அல்லவா! மெஷினில் போடும் முன் எல்லா மடிப்பையும் கையால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தினார். அப்புறம் ஈரத்துணி போட்டு இஸ்திரி. “கொசுவம்னா முதல் மடிப்பு நேரா நிக்கணும், மத்ததெல்லாம் அது பின்னாடி வரும்.” நாற்பது வருடமாகப் புடவை கட்டுகிறவர். நான் இணையத்தில் பார்த்த எந்தப் பாடத்திலும் இது இல்லை.

அப்பாதான் பிரச்சினை. ஹாலில் கட்டம் போட்ட கைலியில் உட்கார்ந்துகொண்டு, “ஆம்பளை பாவாடை கட்டலாமாடா?” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தையல்காரனுக்கு வாய் சும்மா இருக்காது. “அப்பா, மூட்டி, வட்டமா தைச்சது உங்க கைலி. பாவாடையும் அப்படித்தான். என்னோடது மூட்டாத துணி, சுத்திக் கட்டுறது. வேட்டி மாதிரி” என்றேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தக் கைலிக்கும் ஒரு கதை உண்டு. இங்கே மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட சாரோங்கை ‘காயின் பெலிக்காட்’ என்பார்கள். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடுதான். அங்கிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப் பெயரோடு இங்கே தங்கிவிட்டது.

சரி, கட்டிக்கொண்டு போன கதை. மாமா வீட்டில் விருந்து, ஈசூன். எம்ஆர்டி ரயிலில் ஒருவரும் கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை, கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுக்குமாடி புளோக் கீழே காற்று தூக்கிய தூக்கில், கம்பளி ஏன் கனமாக இருக்கிறது என்று புரிந்தது. லிஃப்டில் ஒரு சீனப் பெரியவர், “ஸ்காட்டிஷ் ஆ?” என்றார். “இல்லை, தேக்கா” என்றேன். தலையாட்டினார்.

மாமா கதவைத் திறந்ததும், “வெள்ளைக்காரன் போயும் அவன் பாவாடை போகலையா?” அத்தைகள் எல்லாம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். லண்டன் அரசாங்கமே 1746-ல் ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் இதைக் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டது, 1782-ல்தான் எடுத்தது, பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் விலக்கு என்று சொன்னேன். மாமாவுக்கு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் என்றாலே பிடிக்காது. “அப்படியா? அப்ப கட்டு” என்று வழிவிட்டார்.

சாப்பிடும்போது ஒரு தப்பு செய்தேன். முன்பக்கக் கீழ் ஓரத்தில் குத்தும் ஊக்கை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும், அது எடைக்குத்தான். நான் பறக்குமே என்று பயந்து இரண்டையும் சேர்த்துக் குத்தியிருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் டர்ர்ர். மாமா பையன் திரும்பிப் பார்த்தான். அத்தை தன் கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, கட்டியிருக்கும்போதே நாலு தையல் போட்டுவிட்டார். “அடுத்த தடவை உக்கார முன்னாடி பின்பக்கத்தைக் கையால ஒதுக்கிவிட்டு உக்காரு. இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தர மாட்டாங்க” என்றார். தங்கச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பருத்தி எனக்குத் திருப்தியில்லை. இந்த ஈரக் காற்றில் சாயங்காலத்துக்குள் மடிப்பு தளர்ந்து, பின்பக்கம் நனைந்த செய்தித்தாள் மாதிரி தொங்கியது. அடுத்ததற்குப் பாலியெஸ்டர் கலந்த துணி வாங்கி வைத்திருக்கிறேன். பை ஒன்றும் வேண்டும். கில்ட்டில் பாக்கெட் கிடையாது, முன்னால் தொங்கவிடும் தோல் பையை இன்னும் தொடவில்லை. பணத்தை எங்கே வைப்பாய் என்று அப்பா நேற்றுதான் கேட்டார், அதுவும் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். இடுப்பு பெல்ட் பை என்றேன். கைலியை அவிழ்த்து மறுபடி இறுக்கி, மடியில் பத்து வெள்ளி நோட்டைச் சுருட்டிச் செருகிக் காட்டிவிட்டு, கீழே காப்பி குடிக்கப் போய்விட்டார்.