சிறுவாட்டுப் பணமும் ஹெட் கேஷியரும்

வங்கியில் சிரிப்புக்கு என்ன வேலை என்று கேட்டால், 2016 நவம்பருக்கு முன்னால் நானும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் கிளார்க், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று டிவியில் அறிவிப்பு வந்தது, 9ஆம் தேதி வங்கிகளுக்கு விடுமுறை, 10ஆம் தேதி காலையில் ஷட்டரைத் தூக்கினால் வரிசை எங்கள் வாசலில் ஆரம்பித்து டீக்கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

நோட்டு மாற்ற முதலில் 4000 ரூபாய் வரை என்றார்கள், அப்புறம் 4500, 18ஆம் தேதியிலிருந்து 2000, 24ஆம் தேதியோடு அதுவும் முடிந்தது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் அதை ஜனங்களிடம் சொல்லித் திட்டு வாங்குகிறவன் கவுண்டரில் இருப்பவன்தான். புது 2000 ரூபாய் நோட்டின் அளவே வேறு, அதனால் ஏடிஎம்மை அதற்கு ஏற்ப மாற்றும்வரை அங்கேயும் கிடைக்காது. சரி, கையில் கொடுத்தால் "இதுக்குச் சில்லறைக்கு எங்க போவேன்?" என்பார்கள். எங்களிடமும் நூறு ரூபாய்க் கட்டு இருக்காது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது பணம் குறைந்தால் கைக்காசைப் போட வேண்டும், அந்தப் பயம் வேறு.

எனக்குப் பக்கத்துக் கவுண்டரில்தான் ஹெட் கேஷியர். ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. ஜோக் சொல்கிற ஆள் இல்லை அவர். எதிரே நிற்கிறவர் சொன்னதையே எடுத்து ஒரு திருப்புத் திருப்புவார், அவ்வளவுதான். புது நோட்டுக்குள் சிப் இருக்கிறது, மண்ணுக்குள் புதைத்தாலும் சாட்டிலைட் கண்டுபிடித்துவிடும் என்று வாட்ஸாப்பில் ஒரு புரளி ஓடிக்கொண்டிருந்த நேரம், ஒருவர் நோட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து "சிப்பு எந்தப் பக்கம் சார்?" என்றார். "இருந்தா நல்லதுதான் அண்ணாச்சி, நம்ம பிராஞ்சுக்கு நெட்டு ஒழுங்கா வரமாட்டேங்குது, அத வச்சாவது இழுத்துப் பாக்கலாம்" என்றார் இவர், எண்ணுவதை நிறுத்தாமலே. அதுவரை என்னைத் தின்றுவிடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். பின்னால் நின்ற கர்ப்பிணிப் பெண்ணை யாரோ "நீ முன்னால போம்மா" என்றார்கள். அதையே பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் கேட்டபோது ஒருவரும் நகரவில்லை.

ஜனங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நோட்டு மாற்றுகிறவர்கள் விரலில் மை வைக்கப்போகிறோம் என்று 15ஆம் தேதி அரசு சொன்னது. பணப் பட்டுவாடா காரணமாக மே மாதம் நிறுத்தப்பட்ட அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நவம்பர் 19ஆம் தேதி நடக்க இருந்த சமயம் அது. மை பாட்டில் எங்கள் கிளைக்கு வருவதற்கு முன்பே வரிசையிலிருந்து ஒரு குரல்: "வழக்கமா மை வைக்கதுக்கு மொத நா ராத்திரியே காசு வீட்டுக்கு வந்திருமே, இப்பம் நாம வரிசையில நிக்க வேண்டியிருக்கு." மேனேஜர்கூட அறைக்குள்ளிருந்து சிரித்தார், அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மாதம் அது ஒன்றுதான்.

இதையெல்லாம் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஒரு ஆச்சி மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, கணக்கில் போட வேண்டும் என்று 27 ஐந்நூறு ரூபாய் நோட்டுகளைத் தள்ளினார். பெருங்காய வாசம் குப்பென்று அடித்தது. நான் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி எண்ணிவிட்டு, "என்ன ஆச்சி, பதிமூவாயிரத்து ஐந்நூறு! இவ்வளவு கறுப்புப் பணத்தை எங்க பதுக்கி வச்சிருந்தீய?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஆச்சியின் முகத்தைப் பார்க்கும்வரை. ஆண்கள் வரிசையில் நாலாவதாக நின்றது அவர் வீட்டுக்காரர். "எவ்வளவுன்னு சொன்னாரு?" என்று அவர் கேட்ட கேள்வியில் ஹாலே அடங்கிவிட்டது. அந்த நவம்பரில் எத்தனையோ வீட்டில் சிறுவாட்டுப் பணம் இப்படித்தான் வெளியே வந்தது, கடுகு டப்பாவிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும். ஆனால் இந்த வீட்டில் அதை வெளியே போட்டுடைத்தவன் நான்.

ஹெட் கேஷியர் எழுந்து நின்றார். "நீங்க தேவல அண்ணாச்சி. நான் முப்பது வருசமா ஊரார் காசை எண்ணுதேன், எங்க வீட்டுல பதினெட்டாயிரம் இருந்தது முந்தாநாத்துதான் எனக்கே தெரிஞ்சுது. எடுத்துக் குடுத்துட்டு, 'நீரு எண்ணுன லெச்சணம் இதான்'ங்கா." பெரியவர் ஒரு நொடி முறைத்தார், அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்பளைய கிட்ட பாடம் படிக்கணும் வே" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் கட்டுப் போடும்போது கேட்டேன், "சார், நெசமாவே பதினெட்டாயிரமா?"

"அவ சேக்கிற ஆளு இல்ல தம்பி, கைல இருந்தா மறுநாளே பாத்திரக்கடைதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் மன அழுத்தத்துக்கு மருந்து என்று எங்களைக் கைதூக்கி "ஹா ஹா ஹா" என்று சிரிக்க வைத்தார்கள். 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் டாக்டர் மதன் கட்டாரியா ஐந்து பேரோடு ஆரம்பித்த முறையாம். தப்பில்லை, மூச்சு நன்றாக வாங்கியது. எனக்கு மட்டும் அந்தப் பதினெட்டாயிரம்தான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து அந்த ஆச்சி மறுபடி வந்தார். ஹெட் கேஷியர் கவுண்டரில் கூட்டம், வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து சலானையும் பணத்தையும் தள்ளினார். நான் தலை நிமிரவில்லை. கண்ணாடிக்குக் கீழே குனிந்து மெதுவாகச் சொன்னார், "தம்பி, இன்னைக்கும் அவுஹ வெளிய பெஞ்சுலதான் இருக்காஹ. வாயால எண்ணாம கையால எண்ணுங்க."