கேம்பிரிட்ஜில் ஐந்து நாள்

அக்டோபர் 1

அண்ணன் மகளை முதுகலைப் படிப்பில் சேர்த்துவிட்டு வருவது என் பொறுப்பு. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சுரங்க ரயிலின் பிக்காடில்லி தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம். அங்கிருந்து இடையில் நிற்காத ரயில் சுமார் 50 நிமிடத்தில் கேம்பிரிட்ஜ் போய்விடும். அவசரத்தில் பலகையைச் சரியாகப் பார்க்காமல் வேறு ரயிலில் ஏறிவிட்டோம். ஒவ்வொரு ஊராக நின்று நின்று போனது. நீங்கள் போனால், நிற்காத வண்டியா என்று பார்த்து ஏறுங்கள்.

கேம்பிரிட்ஜ் நிலையம் 1845-இல் திறந்தது, ஊர் நடுவிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பஸ் இருந்தும், பக்கம்தானே என்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஹில்ஸ் ரோடு வழியாக நடந்தோம். குதிகாலில் கொப்புளம்.

அக்டோபர் 2

"பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்டால் யாராலும் கை காட்ட முடியாது. வாசல் என்று ஒன்று கிடையாது. 31 கல்லூரிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. துறைகள் வேறு எங்கோ. இவள் அறை நடு ஊரில், ஆய்வுக்கூடம் மேற்கு கேம்பிரிட்ஜில். யூனிவர்சல் பஸ் அங்கே போகிறது, பல்கலைக்கழக அட்டை காட்டினால் கட்டணம் குறைவு. ஆனாலும், "சித்தப்பா, சைக்கிள்தான் சரி" என்றாள்.

அக்டோபர் 3

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினோம். நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டுவது பெரிய நிம்மதி. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவேண்டும், அது சட்டம். நல்ல இரும்புப் பூட்டு கட்டாயம் வேண்டும்.

அவள் ஓட்ட, நான் பின்னால் நடந்து வழியைப் பார்த்தேன். காரட் ஹாஸ்டல் பாலத்தின் முதுகு செங்குத்து, மழை ஈரத்தில் வழுக்கும். பாலம் தாண்டி, பல்கலைக்கழக நூலகத்தை ஒட்டிப் போய், கிரேஞ்ச் ரோட்டைக் கடந்து ஆடம்ஸ் ரோடு. அப்புறம் கோட்டன் கிராமத்தை நோக்கிப் போகும் பாதையில் காரே கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. அண்ணிக்கு உடனே போன் செய்தேன்.

அக்டோபர் 5

இன்று கணித மேதை ராமானுஜனுக்காக நடந்தேன். 1914 ஏப்ரலில் வந்தவர், முதலில் தங்கியது செஸ்டர்டன் ரோட்டில், நெவில் என்ற கணித அறிஞர் வீட்டில். கொஞ்ச நாளில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல்ஸ் கோர்ட் விடுதிக் கட்டடத்துக்கு மாறினார். ஆற்றைத் தாண்டி அந்த வழியை நடந்து பார்த்தால் மிகச் சிறிய தூரம். ஆனால் ஷூ அவர் பாதங்களை வதைத்ததாக நெவில் பின்னாளில் எழுதியிருக்கிறார். என் கொப்புளத்தோடு டிரினிட்டி தெருவில் நின்றபோது அந்த வரி நினைவுக்கு வந்து நெஞ்சை அடைத்தது. நோயில் விழும்வரை சுமார் மூன்று வருடம் இந்தக் கற்களில்தான் நடந்தார்.

மாலையில் அவள் தனியாக ஆய்வுக்கூடம் போய்த் திரும்பினாள். "பதினைந்து நிமிஷம்தான், சித்தப்பா."