உகந்தைக்குப் பலகை கட்டும் முன்

கொழும்பிலிருந்து அலைச்சறுக்குப் பழகுபவர்கள் பெரும்பாலும் வெலிகமவில் தொடங்கி, மிதிகம, ஹிக்கடுவை என்று போய், ஒரு ஜூன் மாதத்தில் கிழக்குப் பக்கம் கிளம்புகிறார்கள். அறுகம்பை வரை போவதில் பெரிய சிரமம் இல்லை. வாடகைப் பலகை, திருத்தும் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அங்கே உண்டு. அதற்கும் தெற்கே, பாணமையைத் தாண்டி, குமண காட்டின் வாசலில் இருக்கும் உகந்தைதான் வேறு கணக்கு. அங்கே உயிர்காப்பாளரையோ திருத்தும் கடையையோ எதிர்பார்க்க முடியாது. தொலைபேசிச் சிக்னலையும் நம்பிப் போகக்கூடாது. அந்தக் கரையில் கெட்டுப்போகும் நாட்களில் பெரும்பாலானவை கொழும்பை விட்டு வெளிக்கிடும்போதே கெட்டுவிட்டவை: பிழையான கிழமை, பிழையான பலகை, எடுக்காமல் விட்ட ஒரு சின்னச் சாவி.

முதலில் காற்று. வெள்ளவத்தையில் ரயில் பாதைக் கற்களில் கடல் அடித்துத் தெறிக்கும் அதே மாதங்களில்தான் கிழக்குக் கடல் ஒழுங்காக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் கடலிலிருந்து கரைக்கு வீசி அலையைக் குலைக்கிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி மறுபக்கம் இறங்குகிறது. கிழக்கில் அதற்குக் கச்சான் என்று பெயர். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். அலை சரிந்து விழாமல் நேரம் எடுத்து உடையும். ஆனால் முற்பகல் பத்து, பதினொரு மணிக்குள் தரை கொதித்து, கடற்காற்று எழும்பிவிடும். பிறகு தண்ணீர் கலங்கி, முகம் எல்லாம் குழியும் மேடுமாகிவிடும். ஆகவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை என்பது பருவம். விடியலிலிருந்து ஒன்பதரை வரை என்பது நேரம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாகப் போகலாம் என்று நினைப்பவர் நல்ல தண்ணீரைப் பார்க்காமலே திரும்புவார்.

அடுத்தது அலையின் கணக்கு. கைத்தொலைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். உகந்தைக்கு உயரத்தைவிட முக்கியமானது இரண்டு அலைகளுக்கு இடையிலான செக்கன் கணக்கு. அதைப் பீரியட் என்கிறோம். 14 செக்கன் பீரியட் உள்ள அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறத்தாழ 300 மீற்றர். நீளத்தில் பாதி அளவு ஆழத்திலேயே, அதாவது 150 மீற்றர் ஆழத்திலேயே, அது கடலடியை உணரத் தொடங்கும். அங்கிருந்தே திரும்பித் திரும்பி, பாறை முனையைச் சுற்றிக்கொண்டு குடாவுக்குள் வரும். 8 செக்கன் அலையின் நீளம் 100 மீற்றர்தான். 50 மீற்றர் ஆழம் வரும்வரை அதற்கு அடி தெரியாது. அது திரும்ப நேரம் போதாமல் முனையைக் கடந்து நேரே போய்விடும். இதனால்தான் 1 மீற்றர் 14 செக்கன் என்று காட்டும் நாள், 2 மீற்றர் 7 செக்கன் என்று காட்டும் நாளைவிடப் பலமடங்கு நல்லது. திசை தெற்கு, அல்லது தெற்கிலிருந்து சற்றே கிழக்கு. 11 செக்கனுக்குக் கீழே இருந்தால் அறுகம்பையிலேயே நின்றுகொள்ளுங்கள்.

இந்த அலைகள் பிறப்பது தெற்கு அகலக்கோடு 40 பாகைக்கும் அப்பாலுள்ள இந்து சமுத்திரப் புயல்களில். அங்கிருந்து இங்கே 5,500 கிலோமீற்றர் அளவில் வரும். 14 செக்கன் அலைக்கூட்டம் மணிக்கு 39 கிலோமீற்றர் வேகத்தில் நகர்வதால், வந்து சேர ஆறு நாள் ஆகும். கொழும்பில் இருப்பவருக்கு இதில் பெரிய வசதி: சனிக்கிழமை அலையைத் திங்கட்கிழமையே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நீண்ட பீரியட் அலை வேகமாக ஓடும் என்பதால் முதலில் அதுதான் வரும். வரைபடத்தில் பீரியட் திடீரென்று 17க்கு ஏறி, அடுத்த இரண்டு மூன்று நாட்களில் 13க்கு இறங்குவதைக் கண்டால் ஒரு புதிய அலைக்கூட்டம் வருகிறது என்று அர்த்தம். ஏறும் நாளைவிட அதற்கடுத்த நாள் எனக்குப் பிடிக்கும். அலைகள் சிலசிலவாகச் சேர்ந்து வருவதைத் தொடர் என்கிறோம். ஏறும் நாளில் ஒரு தொடருக்கும் மறு தொடருக்கும் இடையில் நீண்ட நேரம் ஒன்றுமே வராது. வருவது ஒரேயடியாகப் பெரிதாக வரும். வற்று, பெருக்கு பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இலங்கையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கல் தலைகாட்டும் இடங்களில் மட்டும் வற்றைக் கவனித்தால் போதும்.

யார் போகலாம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெள்ளை நுரையில் மட்டும் எழுந்து நிற்கத் தெரிந்தவர் போகக்கூடாது. அவருக்கு அறுகம்பையின் பேபி பொயின்ட் அல்லது வெலிகம மணல்தான் சரி. உடையாத அலையைத் தானே பிடித்து, பலகையைச் சரிவோடு பக்கவாட்டில் திருப்பத் தெரிய வேண்டும். எதிரே அலை வரும்போது பலகையைக் கைவிட்டு மூழ்காமல், பிடித்தபடி கடக்கத் தெரிய வேண்டும். லீஷ், அதாவது காலைப் பலகையோடு பிணைக்கும் கயிறு, அறுந்தால் பலகை இல்லாமல் கடலில் 400 மீற்றர் நீந்திக் கரையேற முடிய வேண்டும். கடைசி நிபந்தனையைக் கொழும்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். நீச்சல் தடாகத்தில் ஓய்வில்லாமல் 400 மீற்றர் போக முடியாதவருக்குக் கடலில் அது நடக்காது.

பலகையைப் பொறுத்தவரை, வார இறுதிகளில் மட்டும் தண்ணீரில் இறங்கும் 70 கிலோ ஆளுக்கு 38 முதல் 45 லீற்றர் கொள்ளளவு வசதியாக இருக்கும். முனையைச் சுற்றி உடையும் அலையில் ஓட்டம் நீளம். கையால் துடுப்புப் போட்டுத் திரும்பி உள்ளே போகும் தூரமும் நீளம். தோள் களைத்துவிட்டால் பலகை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தேய்க்கும் மெழுகான வேக்ஸ் வெப்பமண்டலத்துக்கானதாக இருக்க வேண்டும். தண்ணீர் 27 முதல் 29 பாகை இருக்கும் இடத்தில் குளிர்நீர் வேக்ஸ் இளகி வழுக்கத் தொடங்கும். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடிப்பூச்சை முத்து முத்தாகத் திரளும்வரை தேய்த்து, அதன்மேல் வெப்பமண்டல வேக்ஸைப் பூசுங்கள்.

பலகையின் அடியில் உள்ள செட்டையான ஃபின்னைக் கழற்றும் சாவி இரண்டு எடுங்கள், வேறு வேறு பைகளில். கூடவே நாலு உதிரித் திருகாணிகள். லீஷின் நீளம் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். வெல்க்ரோவில் மணல் ஏறியிருந்தால் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து, இழுத்துப் பாருங்கள். கயிற்றில் சின்ன வெட்டு இருந்தாலும் மாற்றுங்கள். பலரும் கவனிக்காத இடம், லீஷைப் பலகையோடு இணைக்கும் சிறு நூல். அது நீளமாகப் போய்ப் பலகையின் விளிம்பைத் தொட்டால், பெரிய அலை இழுக்கும்போது நூல் விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். விளிம்பின்மேல் படிய வேண்டியது நூலுக்கு அடுத்துள்ள அகலமான பட்டிதான்.

பாதை: கொழும்பிலிருந்து ஏ4 வீதி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலுக்குப் போகிறது. தெற்கு அதிவேகப் பாதையில் இறங்கி வெல்லவாயவில் சேர்ந்துகொள்வதும் உண்டு. எப்படிப் போனாலும் ஏழெட்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பொத்துவிலுக்குச் சற்று முன் லகுகல காடு; யானைகள் வீதியைக் கடக்கும் இடம். சொந்த வாகனத்தில் அந்தத் துண்டை இருட்டில் ஓட்டாமல் இருப்பது நல்லது.

கூரையில் கட்டும்போது பலகையின் மேல்முகம் கீழே, வால் முன்னே. ஃபின்களைக் கழற்றிவிடுங்கள். பல்லிறுக்கி உள்ள லொறிப் பட்டி வேண்டாம். அது பலகையை நசுக்கும். சாதாரணக் கொக்கிப் பட்டி போதும். பட்டியை இரண்டு முறை முறுக்கிக் கட்டினால் ஓட்டத்தில் காற்று அதிர்ந்து ஊளையிடாது. முதல் அரை மணித்தியாலத்தில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைப் பாருங்கள், முதல் இறுக்கம் எப்போதும் தளரும். மத்தியானத்தில் எங்கே நிறுத்தினாலும் நிழலில் நிறுத்துங்கள். பூட்டிய காருக்குள் வெயிலில் கிடக்கும் பலகையில் உள்ளே இருக்கும் வாயு விரிந்து, ஃபைபர் தோல் உள்நுரையிலிருந்து பிரிந்து கொப்புளம் போடும். அதைத் திருத்துவது ஓட்டையை அடைப்பதைவிடக் கடினம்.

அறுகம்பையிலிருந்து உகந்தை 30 கிலோமீற்றருக்குள்தான். பாணமை வரை நல்ல வீதி, அதற்குப் பிறகு கிரவல் பாதை. ஓட்டோவில் போவதென்றால் திரும்பும்வரை காத்திருப்பதற்கும் சேர்த்துக் கூலியை முதல்நாளே பேசிவையுங்கள். கும்மிருட்டில் கிளம்ப வேண்டாம், இந்தப் பாதையிலும் யானை நிற்கும். கீழ்வானம் வெளுக்கும்போது புறப்பட்டால் போதுமான நேரம் இருக்கும். ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் பொத்துவிலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கரைக்குப் போனதும் இறங்காதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கடலைப் பார்த்து நின்றால் பாறை முனை வலப்பக்கம். அலை வலமிருந்து இடமாக உடைந்துகொண்டு வரும். ஒரு தொடரில் எத்தனை அலை, அடுத்த தொடருக்கு எத்தனை நிமிடம், பெரியது எந்த இடத்தில் முதலில் உடைகிறது, எங்கே நுரை படாமல் தண்ணீர் கருமையாகக் கிடக்கிறது என்று பாருங்கள். அந்தக் கருமையான பகுதிதான் ஆழம்; உள்ளே போகும் வழி அது. அலை தன் உயரத்தின் ஒன்றேகால் மடங்கு அளவுள்ள ஆழத்தில் உடையும் என்பது பொதுவான கணக்கு. 1 மீற்றர் அலை உடையும் இடத்தில் உங்களுக்குக் கீழே இருப்பது நெஞ்சளவுத் தண்ணீர்தான் என்பதை மனதில் வையுங்கள்.

முனையை ஒட்டி நீரோட்டம் அலை போகும் திசையிலேயே, குடாவுக்குள் ஓடும். வெளியே உட்கார்ந்திருப்பவர் தெரியாமலே தள்ளப்பட்டு இடம் தவறிவிடுவார். இதற்கு வழி, கரையில் ஒரு பாறையையும் அதன் பின்னால் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து வைத்துக்கொள்வது. இரண்டும் விலகினால் நீங்கள் நகர்ந்துவிட்டீர்கள். நகர்ந்ததும் உடனே நாலைந்து இழுப்புப் போட்டுத் திரும்புங்கள். அதிகம் நகர்ந்துவிட்டால் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டாமல், குடாவுக்குள் ஒரு அலையில் கரையேறி, மணலில் நடந்து திரும்பிப் போய் மறுபடி இறங்குவது சுலபம்.

அலை பிடிக்கும்போது நேரே கரையைப் பார்த்து எழும்பாதீர்கள். துடுப்புப் போடும்போதே பலகையின் மூக்கை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்துவிடுங்கள். நேரே இறங்கினால் அலை உங்களைக் கடந்து உடைந்து போய்விடும். இடக்கால் முன்னே வைப்பவருக்கு முகம் அலையைப் பார்த்தபடி இருக்கும். வலக்கால் முன்னே வைப்பவர் முதுகுப் பக்கம் ஓட்டப் பழகியிருக்க வேண்டும். முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அலை சொந்தம். அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விட வேண்டும். திரும்பி உள்ளே போகும்போது, ஓட்டிவருபவரின் பாதையில் குறுக்கே போகாமல் வெளிச்சுற்றாகப் போங்கள். விழுந்தால் தட்டையாக விழுங்கள். தலையைக் கைகளால் மூடி, காலால் அடியைத் தேடாமல் காத்திருந்து, ஒரு கையை மேலே நீட்டியபடி வெளியே வாருங்கள். பலகை அங்கே மிதந்துகொண்டிருக்கலாம்.

இது கோயில் வாசல் என்பதை மறக்கக்கூடாது. உகந்தை முருகன் கோயில் இந்தக் கரையோடுதான் இருக்கிறது. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை அடியார்கள் இங்கே தங்கித்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். ஆடித் திருவிழா நாட்களில் கூட்டம் நிறையும், வாகனம் நிறுத்தவே இடம் கிடைக்காது. அந்த நாட்களை அவர்களுக்கு விட்டுவிடுவதுதான் முறை. மற்ற நாட்களிலும் நீச்சல் உடுப்போடு கோயில் பக்கம் போகாமல் ஒரு சாரத்தையோ துண்டையோ கட்டிக்கொள்ளுங்கள். மதுவும் மாமிசமும் கொண்டு போக வேண்டாம். மீன்பிடிப் படகு இறங்கும்போது வழியை விட்டு விலகுங்கள். வலை கிடக்கும் பக்கம் லீஷோடு போவது ஆபத்து.

காயம் என்று வந்தால் கல்லில் உரசிய வெட்டுத்தான் அதிகம். முருகைக்கல் வெட்டைச் சிறிதென்று விட்டால் இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். போத்தல் தண்ணீரால் நன்றாகக் கழுவி, துகள்களைச் சாவணத்தால் எடுத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, போவிடோன் அயடின் பூசுங்கள். வலிக்கும், ஆனாலும் தேய்க்க வேண்டும். கடல் முள்ளெலியின் முள் ஏறினால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் காலை வைத்திருங்கள். வெப்பத்தில் வலி குறையும். மூட்டுக்குள் ஏறிய முள்ளை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். இதற்காக ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீர் எடுத்துப் போவது வீண்சுமை அல்ல. ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலமாயிற்று என்பதைக் கொழும்பிலேயே பார்த்துவிடுங்கள். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால் அன்றைய கடல் முடிந்தது. பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அம்புலன்ஸுக்கு 1990. சிக்னல் கிடைக்கும்வரை காத்திராமல் வந்த வாகனத்திலேயே பாணமைப் பக்கம் கிளம்பி, வழியில் அழையுங்கள்.

பலகைக்கு அடிபட்டால் உடனே தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். ஓட்டையோடு இன்னும் ஒரு அலை என்று நின்றால் நுரை உப்புநீரைக் குடிக்கும். உங்கள் பலகையின் உள்நுரை பொலியூரித்தேனா, இபிஎஸ்ஸா என்பதை வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பொலியெஸ்டர் ரெசினை இபிஎஸ் நுரையில் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். அதற்கு எபொக்சி மட்டும்தான். வெயிலில் இறுகும் ரெசின் டியூப்பிலும் இந்த இரண்டு வகை உண்டு. ஓட்டையை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் முழுதாகக் காயவிட்டு, 80 எண் மண்தாளால் சுற்றிவரத் தேய்த்து, ரெசினை நிழலிலேயே பூசுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிச் சமப்படுத்திய பிறகு வெயிலுக்குக் கொண்டு வந்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அடுத்த கிழமையே ஒட்டு கழன்றுவிடும். காயவைக்க நேரமில்லாத நாளில் அகலமான டேப்பால் மூடிக்கொண்டு அறுகம்பைக்குத் திரும்புவதே மேல். பலகை இரண்டாக முறிந்தால் இரண்டு துண்டையும் வண்டியில் ஏற்றுங்கள். அறுகம்பையில் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், கரையில் விட்ட நுரை காற்றில் உதிர்ந்து குமண பக்கம்தான் போகும்.