எடை மேடையில் ஏறிய கேரவன்: தண்டையார்பேட்டை முதல் பழவேற்காடு வரை

மணலி பக்கம் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற கன்டெய்னர் லாரிகளுக்காகச் சாலை நெடுக இருக்கின்றன. தை மாதத்துச் சனிக்கிழமை விடியற்காலையில் அதில் ஒன்றில், முன்னால் ஒரு நாற்பதடிப் பெட்டி, பின்னால் ஒரு நாற்பதடிப் பெட்டி, நடுவில் எங்கள் காரும் அதன் பின்னால் கொக்கி போட்ட, படுக்கையும் சமையல் மேடையும் வைத்த சின்னக் கேரவனும் வரிசையில் நின்றன. காரோடு சேர்த்து ஒரு எடை எடுத்தோம். பிறகு கழற்றி, கேரவனை மட்டும் மேடையில் விட்டு இன்னொரு எடை. விளம்பரத் தாளில் 480 கிலோ என்று போட்டிருந்தது. கையில் வந்த சீட்டில் 660.

கேரவன் வாங்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த 180 கிலோவைத்தான் என்பது என் கருத்து. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தாளில் இருப்பது காலி எடை. குடும்பம் காலியாகப் போவதில்லை. ஐம்பது லிட்டர் தண்ணீர் என்றால் ஐம்பது கிலோ. ஈய அமில பேட்டரி, சின்ன சிலிண்டர், அடுப்பு, மெத்தை, கூடாரம், ஸ்பேர் சக்கரம், ஆறு பேர் துணி, அரிசி பருப்பு, அம்மாவின் குக்கர், கையோடு கொண்டுபோகிற டாய்லெட். எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வரும். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவுக்குள் இருக்கிற டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் கட்டாயம். அந்த அளவையே நாங்களும் எங்களுக்கு எல்லையாக வைத்துக்கொண்டோம். தனி பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதன் எடையையும் சேர்த்து நிறுத்துவது காரின் பிரேக்தான். கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து, திடீரென்று நின்று, மறுபடி ஊர்கிற எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது புரியும்.

எதற்குக் கேரவன் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டில் நைனா, அம்மா, நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், தரையில் குந்த முடியாது. நெடுஞ்சாலைக் கழிப்பறைகளை நினைத்தே வெளியூர் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்கிற பெண்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டு எங்களோடு வர வேண்டும். எனக்கு இதில் வேறு காரணமே தேவையில்லை.

எஞ்சினோடு சேர்ந்த பெரிய கேரவன் வண்டி எங்களுக்குச் சரிவராது. 2021-இல் கேரளா அரசு கேரவன் சுற்றுலாவைக் கொண்டுவந்த பிறகு அந்த வகை வண்டிகளைப் பற்றி நிறைய பேர் பேசுகிறார்கள். வாடகைக்கு எடுக்க அது நல்லது. சொந்தமாக என்றால், தினமும் வேலைக்குப் போக ஒரு கார், வருடத்தில் சில நாளுக்கு இன்னொரு பெரிய வண்டி என்று இரண்டையும் பராமரிக்க வேண்டும். இழுத்துப் போகிற கேரவனை ஒரு தோப்பில் கழற்றி வைத்துவிட்டு, காரில் கடைக்கும் கோயிலுக்கும் போய் வரலாம்.

மூன்று வகை பார்த்தோம். முதலாவது கண்ணீர்த்துளி வடிவம். 1930-களில் அமெரிக்காவில் வந்தது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது, பின் மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. இரண்டாவது, மடித்து வைத்த கூடாரத்தைச் சக்கரத்தின் மேல் விரிக்கிற வகை. எடை குறைவு, நாலைந்து பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் எங்கள் தண்டையார்பேட்டை உப்புக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் கித்தான் துணியை நனைந்தபடி மடித்து வைத்தால் சில நாளில் பூஞ்சை பிடித்துவிடும். வெயிலில் விரித்துக் காயவைக்க எங்கள் தெருவில் இடமும் இல்லை. மூன்றாவது, ஃபைபர் கூட்டில் செய்த சின்ன வகை. சிலவற்றில் கூரை மட்டும் மேலே எழும்பும், ஆள் நிமிர்ந்து நிற்கலாம்.

ஃபைபரைப் பற்றித் தெரிந்துகொள்ள நாங்கள் போனது காசிமேடு. மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் போடுகிற பட்டறைக்காரர் ஒருவர் நைனாவுக்குப் பழக்கம். மோல்டில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சை அடித்து, கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் என்ற பிசினைத் தடவி, உருளையால் காற்றை வெளியேற்றி, அடுக்கு மேல் அடுக்காக எப்படி ஏற்றுகிறார்கள் என்று பொறுமையாகக் காட்டினார். வாங்கப் போகிற இடத்தில் எப்படிப் பார்ப்பது என்றும் கற்றுக்கொடுத்தார்: ஒரு ரூபாய் நாணயத்தால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே மாதிரி கணீரென்று வந்தால் அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. நடுவில் சத்தம் மந்தமாகிற இடத்தில் உள்ளே பிரிந்திருக்கிறது. சிலந்தி வலை மாதிரி மேற்பூச்சில் கீறல் இருந்தால் அங்கே அடி பட்டிருக்கிறது, அல்லது அந்த இடம் வளைந்து கொடுக்கிறது. அலுமினியத் தகட்டுக்குள் பிளைவுட் வைத்த கேரவன்களில் மூலை இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி மரம் ஊறும். ஃபைபர் கூட்டில் இணைப்புகள் குறைவு. கடலோரத்தில் குடியிருக்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம். அடிச்சட்டமும் பெயின்ட் மட்டும் அடித்த இரும்பாக இருக்கக் கூடாது. துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமாக இருக்க வேண்டும்.

பழவேற்காட்டுக்கு நாங்கள் கொண்டுபோனது சொந்த வண்டி இல்லை. என் கணவருடைய நண்பர் ஒருவர் வைத்திருக்கிற கண்ணீர்த்துளி வகைக் கேரவன். ஒரு ராத்திரி தங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்று கொடுத்தார். ஒரு வண்டியை வாங்குவதற்கு முன்னால் அதைப் போன்ற ஒன்றில் குடும்பத்தோடு ஒரு ராத்திரியாவது படுத்துப் பாருங்கள். கடையில் நின்று பார்ப்பதில் எதுவும் தெரியாது.

நைனா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். எடை மேடையை விட்டு இறங்கியதுமே, "கொக்கி மேல எவ்ளோ உக்காருது பார்த்தியாம்மா?" என்று கேட்டார். லாரி எடை மேடை 5, 10 கிலோ என்று தாவித்தான் காட்டும்; அந்தச் சின்னக் கணக்குக்கு அது உதவாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த, நாம் ஏறி நின்று எடை பார்க்கிற தராசைக் கட்டையின் மேல் வைத்து, கேரவனின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டுகிற முன்முனையை, அதில் இறக்கினோம். 35 கிலோ. "பத்தாது. பின்னாடி கனம் கீது. லாரி காத்து அடிச்சா வால ஆட்டும்" என்றார். சமையல் மேடை பின்னால் இருப்பதால் தண்ணீர் கேன், மளிகை எல்லாம் அச்சுக்குப் பின்னால் போயிருந்தன. கேன்களையும் பேட்டரியையும் அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றினோம். 65 கிலோ வந்தது. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் உட்கார வேண்டும். அதே சமயம் கொக்கிக்கும் காருக்கும் குறித்திருக்கிற அளவைத் தாண்டவும் கூடாது. பல சின்னக் கார்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். கேரவனைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் போட்டு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகிறதா என்று பெரியவளை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழி. லாரிகள் உரசுவது போலத் தாண்டிப் போயின. ஓட்டிய என் கணவர் அறுபதுக்கு மேல் போகவில்லை. வால் ஆடினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும் என்று நைனா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஆடவில்லை. மீஞ்சூர் தாண்டி ஒரு வேகத்தடையில் மட்டும் கொக்கியின் அடிப்பாகம் உரசியது. உயரமான வேகத்தடைகள் இருக்கிற ஊரில் கொக்கி எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் புதிதாக இருந்தது ரிவர்ஸ். பழவேற்காட்டுக்குச் சற்று முன்னால், தெரிந்தவரின் தென்னந்தோப்பில் வண்டியைப் பின்னால் தள்ளி விட வேண்டும். நைனா வாழ்நாள் முழுக்க நாற்பதடிப் பெட்டியைச் சந்துக்குள் சொருகியவர். அவரே ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். கொஞ்சம் திருப்பியதுமே கேரவன் மடங்கிக்கொண்டு நின்றது. இறங்கி வந்து கொக்கியிலிருந்து அச்சு வரைக்கும் காலடியால் அளந்தார். "மாப்ள, இது குட்டை. அதான் துள்ளுது. பெரிய பெட்டி மெதுவா கேக்கும், இது டக்குனு திரும்பிடும்." டிரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு வேகமாக மடங்கும். பிறகு ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கேரவன் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும், ஒவ்வொரு தடவையும் விரலளவு. என் கணவர் அப்படியே செய்தார். இரண்டு தென்னைக்கு நடுவே அழகாகப் போய் உட்கார்ந்தது. கையால் தள்ளி நகர்த்துகிற அளவுக்கு எடை குறைவாக இருந்தால் இந்தச் சிரமமே இல்லை. முன்னால் இருக்கிற சின்ன சக்கரத்தை இறக்கிவிட்டு மூன்று பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். எங்கள் மாதிரிச் சந்துகளில் குடியிருக்கிறவர்களுக்கு எடை குறைவதில் இது இன்னொரு லாபம்.

பழவேற்காட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஏரிக்கரையில் தூரத்தில் பூநாரைகள் நின்றன. சின்னவன் கண்ணை எடுக்கவே இல்லை. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டியிருந்த ஊர் இது. கல்லறைத் தோட்ட வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடுகளைப் பெரியவள் வரைந்துகொண்டாள். நான் மீன் வாங்கப் போய்விட்டேன்.

சமையல் மேடை வெளியே இருப்பதன் அருமை அன்று மாலை புரிந்தது. இறாலும் நண்டும் சமைத்த வாடை படுக்கைக்குள் போகவில்லை. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து மசாலா அரைத்துக் கொடுத்தார். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்; ஆகவே சிலிண்டர் இருக்கிற அறைக்கு அடியில் திறப்பு இருந்தே ஆக வேண்டும். இந்த வண்டியில் இருந்தது. நீங்கள் பார்க்கிற வண்டியில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

ராத்திரி அம்மாவும் சின்னவனும் நானும் உள்ளே. மற்றவர்கள் பக்கத்தில் கூடாரத்தில். தை மாதக் காற்றிலேயே, ஜன்னல்களை மூடினால் சிறிது நேரத்தில் புழுங்கியது. சித்திரையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் சுமார் 1,200 வாட்-ஹவர் இருக்கிறது. 500 வாட் எடுக்கிற சின்ன ஏசி ஓடினால் இரண்டரை மணி நேரம்கூடத் தாங்காது. கூரையில் வைக்கிற 30 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 240 வாட்-ஹவர்தான். ஆகவே ஏசி வைத்த வண்டியைத் தேடி எடையை ஏற்றிக்கொள்வதைவிட, எதிரெதிர்ச் சுவரில் கொசு வலை போட்ட பெரிய ஜன்னல், கூரையில் ஒரு விசிறி, இதைத்தான் கேட்க வேண்டும். பேட்டரியும் லித்தியம் வகை என்றால் அதே கொள்ளளவுக்கு எடை பாதிக்கும் கீழே.

கூரை தாழ்வாக இருந்ததால் அம்மாவால் உள்ளே நிமிர முடியவில்லை. டாய்லெட்டைப் பக்கத்தில் திரைக் கூடாரம் கட்டி வைத்தோம். நடு ராத்திரியில் எழுந்து, கதவுக் கம்பியைப் பிடித்து, குனிந்து இறங்குவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் காலையில், "இனிமே எங்க வேணா வரேன்" என்றார்.

எனவே எங்களுக்கு வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது: கூரை எழும்புகிற ஃபைபர் கூடு. அம்மா நிமிர்ந்து நிற்கலாம், உள்ளேயே டாய்லெட்டுக்குத் திரை போடலாம். ஓட்டும்போது கூரை தாழ்ந்திருப்பதால் காற்று பிடிக்காது. சமையல் வெளியே. காலி எடை 450-க்குள், எல்லாம் ஏற்றி 750-ஐத் தொடக் கூடாது. அகலம் காரைவிட அதிகம் போகக் கூடாது. திருப்பத்தில் டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தைவிட உள்ளே வெட்டும், எங்கள் தெரு முனையில் மின்பெட்டி ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டை ஸ்பிரிங், மாதவரத்தில் யார் வேண்டுமானாலும் சரிசெய்து தருவார்கள். சக்கரம் காரின் அளவே, ஒரு ஸ்பேர் இரண்டுக்கும் ஆகும்.

பட்டறையில் சொல்லிக் கட்டிக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்றால் டிரெய்லரும் அடக்கம். அதற்கும் பதிவு எண் வேண்டும், காப்பீடு வேண்டும். நாங்கள் பார்க்கப் போன ஒரு விற்பனையாளர், "சின்னதுக்கு நம்பரெல்லாம் கேக்க மாட்டாங்க" என்றார். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம். பதிவு செய்து கையில் கொடுக்கிறவரிடம்தான் முன்பணம் கட்டியிருக்கிறோம். நிறுத்துவதற்கு மாதவரத்தில் கூரை போட்ட ஒரு லாரிக் கொட்டகையில் மாத வாடகைக்கு இடம் பேசியாயிற்று. தண்டையார்பேட்டையைவிட அங்கே கடல் தள்ளி இருக்கிறது, சட்டத்துக்கும் நல்லது. வண்டி வந்ததும் நேராகப் போவது மணலி எடை மேடைக்கு. அதன் பிறகு நேலப்பட்டு பறவைகள் சரணாலயம், தடா வழியாக.