சளி தேங்கும் குடல் புற்று: பயாப்சி ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

பயாப்சி (கட்டியிலிருந்து கிள்ளியெடுத்த திசுவின் சோதனை) ரிப்போர்ட்டில் 'மியூசினஸ் அடினோகார்சினோமா' என்று இருந்தால், கட்டியின் பருமனில் 50 சதவீதத்துக்கு மேல் செல்களுக்கு வெளியே தேங்கிய சளி என்று பொருள். பெருங்குடல் புற்றுகளில் 10 முதல் 15 சதவீதம் இந்த வகை. வலப்பக்கக் குடலில்தான் அதிகம்.

அங்கே குடல் அகலம், மலமும் நீர்த்தே இருக்கும். அதனால் அடைப்பு தாமதமாகும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் கசியும். டெல்டாவில் நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்குச் சோகை என்றால் இரும்புச்சத்து மாத்திரையோடு முடித்துவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகும் ஹீமோகுளோபின் இறங்கினால் கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டும், அதுவும் பெருங்குடல் தொடங்கும் குடல்வால் பக்கம் வரை. பாதியில் திரும்பிய பரிசோதனை கணக்கில் சேராது.

பயாப்சி ஏமாற்றுவதும் இதில்தான். மேலோட்டமாகக் கிள்ளினால் வெறும் சளி வரும், செல் இருக்காது. வெவ்வேறு இடங்களில் பல துண்டுகள் எடுத்து, அவற்றைப் போல் பத்து மடங்கு அளவு 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட வேண்டும். 'புற்று இல்லை' என்று வந்தும் கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸை இழுக்கும் செல்களைக் காட்டும் பெட் ஸ்கேனும் மங்கலாகக் காட்டலாம். சளிக்கு குளுக்கோஸ் பசி கிடையாது!

எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற, டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் நான்கு புரதங்களின் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது காணாமல் போயிருந்தால் மருந்துத் தேர்வு மாறலாம், உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போகும்போது காகிதம் மட்டும் போதாது. திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் பிளாக்கை வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.