வாசலில் வைத்த தட்டு

காலை ஏழு மணிக்குப் பால் கறப்பதில்தான் எங்கள் அணு மருத்துவப் பிரிவின் வேலை தொடங்கும். கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபில் ஈயச் செங்கற்களுக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டரை நாங்கள் பசு என்றுதான் சொல்வோம். அதற்குள் இருப்பது மாலிப்டினம்-99. அது சிதையச் சிதைய டெக்னீசியம்-99எம் பிறக்கும். ஸ்கேனுக்கு முன் நோயாளிக்கு ஊசியில் போவது அதுதான். ஒரு பக்கம் உப்பு நீர்க் குப்பியையும் மறுபக்கம் வெற்றிடக் குப்பியையும் மாட்டினால், டெக்னீசியம் மட்டும் கரைந்து இறங்கி வரும். மறுநாள் காலை மறுபடி சுரந்திருக்கும். ஆனால் மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம்தான் என்பதால், முந்தைய நாளைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். கறந்து வைத்த டெக்னீசியமோ ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பத்து மணிக்கு வர வேண்டியவர் நாலு மணிக்கு வந்தால், அவருக்கென்று எடுத்து வைத்ததில் பாதிதான் மிச்சம்.

நான் டெக்னாலஜிஸ்டாகச் சேர்ந்த மறுவருடம், 2009 மே மாதம், மாலிப்டினம் தயாரித்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை நின்றுபோனது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில்தான் மறுபடி ஓடியது. அதுவரை உலகம் முழுக்க மாலிப்டினத்துக்குத் தட்டுப்பாடு. எங்கோ ஒரு உலைக் கலத்தில் கனநீர் கசிந்ததற்கு, இங்கே ஒரு அம்மா எலும்பு ஸ்கேனுக்கு இரண்டு வாரம் காத்திருந்தார். நாள் தள்ளிப்போகிறது என்று அவருக்கு போன் செய்து சொன்னது நான்தான்.

படிக்கும்போதே மனப்பாடம் செய்த மூன்று சொற்கள் உண்டு: நேரம், தூரம், தடுப்பு. கதிர்வீச்சுக்குப் பக்கத்தில் குறைந்த நேரம் இரு, முடிந்தவரை தள்ளி நில், நடுவில் ஈயத்தை வை. ஒரு மீட்டர் தூரத்தில் படுவது இரண்டு மீட்டரில் கால்வாசியாகிவிடும். நோயாளிக்கு இது ஒரு தடவை, இரண்டு தடவை. எங்களுக்குத் தினமும் பத்துப் பதினைந்து பேர். சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ், எங்கள் மேல் பட்ட கதிர்வீச்சின் கணக்கை வைத்துக்கொண்டே இருக்கிறது. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் அளப்போம்; ஐந்து வருட சராசரியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. அதனால் ஊசி போட்டதும் இரண்டடி பின்னால் நகர்வது கால்களுக்கே பழகிவிட்டது.

ஆனால் கிட்டப் போகத்தான் வேண்டும் என்கிற நாட்களும் வரும். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காரர் ஒருவருக்கு எலும்பு ஸ்கேன். ஊசி போட்டு, மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்க வைத்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லிப் படுக்க வைத்தோம். திரையில் வலது இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, நல்ல கறுப்பாக. எலும்புக்குப் பரவியிருந்தால் அப்படித்தான் தெரியும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமராவை விட்டு இறங்கச் சொல்லி வேட்டியைப் பார்த்தேன். விளிம்பில் ஈரம். கழிவறையில் நாலு சொட்டு பட்டிருந்திருக்கிறது. மருந்து சிறுநீரில்தானே வெளியேறும்? வேறு துணி கட்டச் சொல்லி, கையுறை போட்டு ஈரத் துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். புள்ளி இல்லை. ஒரு குடும்பமே உடைந்துபோயிருக்கும். அவருக்கு எதுவும் தெரியாது. "என்ன தம்பி, படம் சரியா விழலையா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அப்புறம் அயோடின் அறை. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கதிரியக்க அயோடினான அயோடின்-131 கொடுப்போம். தைராய்டு செல்லுக்குச் சாதா அயோடினுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆசையாக எடுத்துக்கொள்ளும், அதிலேயே அழியும். 1941இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் தைராய்டு அதிகமாகச் சுரந்த ஒருவருக்கு முதன்முதலில் கதிரியக்க அயோடின் கொடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் இது. அயோடின் கலந்த உப்பை இரண்டு வாரம் நிறுத்தி, தைராக்சின் மாத்திரையையும் விட்டுவிட்டு, சோர்ந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு வருவார்கள். ஈயக் குடுவையிலிருந்து ஒரு காப்ஸ்யூல். விழுங்கியதும் கதவு மூடப்படும். மருந்தின் கதிரியக்கத்தை மில்லிகியூரியில் அளப்போம்; உடம்பில் மிஞ்சியிருப்பது 30 மில்லிகியூரிக்குக் கீழே இறங்கும்வரை அறையை விட்டு வரக் கூடாது. அந்த அறையின் கழிவுநீர்கூட நேரே சாக்கடைக்குப் போகாது, தனித் தொட்டியில் தங்கி வீரியம் குறைந்த பிறகுதான் வெளியேறும்.

சில வருடம் முன்னால் எழுபது வயதை ஒட்டிய ஒரு பெரியவர் வந்தார். வாழ்நாள் முழுக்க வயல் கூலி வேலை. 100 மில்லிகியூரி கொடுத்தோம். ராத்திரி பாக்குமட்டைத் தட்டில் இட்லி வைத்து, கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு, மணியடித்துவிட்டு ஊழியர் நகர்ந்துவிட்டார். அதுதான் நடைமுறை. காலையில் நான் போனபோது தட்டு அப்படியே இருந்தது. இட்லி காய்ந்து, சட்னி ஓரம் கறுத்திருந்தது.

இன்டர்காமில் கேட்டேன். "ஏங்கய்யா சாப்பிடல? குமட்டுதா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதெல்லாம் இல்ல தம்பி. சின்ன வயசுல களத்துல இப்படித்தான், வெளிய வச்சுட்டு நகர்ந்துக்குவாங்க. நாங்க அப்புறம் போய் எடுத்துக்கணும். அதான் கை போகல."

எனக்குப் பதில் வரவில்லை. தூரம் என்பதை எண்ணாக மட்டுமே படித்தவன் நான். "தள்ளி நில்லுங்க" என்ற சொல் நம் ஊரில் யார் யார் காதில் என்னவாக விழும் என்று அதுவரை யோசித்ததே இல்லை.

கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து வாசலில் நின்றேன். "இதைப் பாருங்கய்யா." முள் ஏறி நின்றது. ஒரு அடி பின்னால் போனேன், இறங்கியது. இன்னும் ஒரு அடி, இன்னும் இறங்கியது. "இது நீங்க முழுங்குன மருந்தோட கணக்கு. எங்க டாக்டரே முழுங்கினாலும் இதே அறை, இதே தட்டு, இதே ஸ்டூல். நிறைய தண்ணி குடிங்க, பெரும்பகுதி ஒண்ணுக்குலயே போயிடும்."

"எத்தனை நாளு?"

"மூணு நாளு."

"சரி, அப்ப இதுக்குத் தேதி இருக்கு," என்றார். புதுத் தட்டு வரவழைத்துக் கொடுத்தேன். அவர் ஸ்டூலிலிருந்து எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, முதல் விள்ளல் வாயில் போடும்வரை வாசலிலேயே நின்றேன். பேட்ஜில் அதற்கும் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கும். ஏறட்டும்.

அன்றிலிருந்து காப்ஸ்யூல் கொடுப்பதற்கு முந்தின நாளே, பக்கத்தில் உட்கார்ந்து, மீட்டரைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு வைப்பவர், உள்ளே இருப்பவர் வந்து எடுக்கும்வரை எதிர்ச்சுவரை ஒட்டி நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஏற்பாடு. 'நோயாளியை விட்டு விலகி இருக்கவும்' என்று அச்சடித்துக் கொடுக்கும் தாளை மாற்றச் சொல்லிப் பலமுறை எழுதிக் கேட்டுவிட்டேன், இன்னும் மாறவில்லை. 'மருந்து குறையும்வரை' என்று அந்த வரிக்கு முன்னால் நானே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்.

மூன்றாம் நாள் பெரியவரை ஒரு மீட்டர் தூரத்தில் நிறுத்தி சர்வே மீட்டரைப் பிடித்தேன். போகலாம். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச நாள் மடியில் தூக்க வேண்டாம் என்று நினைவுபடுத்தினேன். லிஃப்ட் வரை கூட நடந்தேன். அவர் வராந்தாவின் மறு ஓரமாகவே நடந்தார். கீழே மகன் கார்க் கதவைத் திறந்தபோது, "நீ ஓட்டு. நான் பின்னாடி இடது ஓரம் உக்காந்துக்கிறேன், அதான் உனக்குத் தூரம்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.