ஹீட்டரைப் போட்டால் பளிச்சிட்ட பூஜை அறை விளக்கு

மார்கழி முழுவதும் எங்கள் கும்பகோணத்து வீட்டில் விடியற்காலையில் விளக்குகள் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு எல்இடி பல்புகளை மாற்றியும் பயனில்லை. தெருவுக்கே வோல்ட்டேஜ் குறைவு என்று நானே முடிவுகட்டி, ஸ்டெபிலைசர் விலை விசாரிக்கவும் போய்விட்டேன். பக்கத்து வீட்டில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிந்த பிறகே அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

துப்புக் கொடுத்தது பூஜை அறையின் பழைய குண்டு பல்புதான். ஜீரோ வாட் என்று சொல்லி விற்கப்பட்டாலும் உண்மையில் 15 வாட் இழுக்கும் அந்த பல்பு, குளியலறை ஹீட்டரைப் போட்டதும் வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தது. அதே நொடியில் குளியலறை விளக்கு மங்கியது. வெறும் வோல்ட்டேஜ் குறைவாக இருந்தால் எந்த விளக்கும் கூடுதலாக எரியாது. எங்களுடையது பேஸ் எனப்படும் மூன்று கம்பிகளில் மின்சாரம் வரும் மும்முனை இணைப்பு என்பதால், அந்த மூன்றுக்கும் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரலில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று எலக்ட்ரீசியன் கேட்டவுடனேயே சொன்னார். டிவி, ஃபிரிட்ஜ் இரண்டின் ப்ளக்கையும் உருவச் சொன்னதும் அவர்தான்.

ஹீட்டர் ஓடும்போதே அவர் மெயின் போர்டில் மல்டிமீட்டரை வைத்து அளந்தார். ஹீட்டர் இருந்த பேஸில் 191 வோல்ட். மற்ற இரண்டில் 250, 254. ஆனால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே வழக்கமான 398தான் இருந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 38 வோல்ட் காட்டியது. வரும் மின்சாரம் சரியாகவே இருக்கிறது, நியூட்ரலின் வோல்ட்டேஜ்தான் பூஜ்ஜியத்தை விட்டு நகர்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அது முழுவதுமாக அறுந்திருந்தால், சுமை குறைவான பேஸில் வோல்ட்டேஜ் 400ஐ நெருங்கி, அதிலுள்ள பொருள்கள் புகைந்திருக்கும்.

ஃபியூஸ்களைக் கழற்றி, மின்சாரம் இல்லை என்று மறுபடி அளந்து உறுதிசெய்துகொண்ட பிறகே, நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் நியூட்ரல் லிங்க்கைத் திறந்தார். பித்தளைத் திருகின் அடியில் அலுமினியக் கம்பி தளர்ந்து, நுனி கருகி, மேலுறை உருகிச் சுருண்டிருந்தது. அலுமினியம் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கிக்கொடுக்கும் என்பதால் இத்தகைய தளர்ச்சி சகஜமாம். கருகிய பகுதியை வெட்டி, நுனியைச் சுரண்டி, லக் எனப்படும் உலோக முனையை வைத்து அழுத்தி, புதிய லிங்க்கில் முடுக்கினார். முக்கால் மணி நேர வேலை.

ஹீட்டரைப் போட்டு மீண்டும் அளந்தபோது 227, 231, 232; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கும் குறைவு. டிவி ப்ளக்கை அதன் பிறகுதான் சொருகினேன்.